துணியை அளக்கிறார்கள், கயிற்றை யார் அளப்பது?

ஆனி பிறந்து மேல்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்க ஆரம்பித்தால் செங்கோட்டை, இலத்தூர், தென்காசி என்று ஊர் ஊராக ஆடத் தொடங்கும். தகரக் கூரைகள் படபடக்கும். மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்த்தான் எடுத்து வர வேண்டும். இந்த வட்டாரத்தில் கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ பந்தல் போட வருகிறவர்கள் இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காற்றைப் பார்ப்பார்கள். ஒரு கயிறு போதும் என்கிற மேற்குப் பக்கத்தில் இரண்டு இழுப்பார்கள். முளையை இன்னும் அரை அடி ஆழமாக இறக்குவார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும் என்று இயற்பியல் புத்தகம் சொல்வது அவர்கள் கைக்கு எப்போதோ பழகிவிட்டது.

அதனால் பந்தல் நிற்கும். அதில் கவலை இல்லை. அதை நிற்க வைக்கிற கயிறு எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஆட்கள் நடக்கிற வழியில் முடிகிறது.

குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அருவிகளுக்குப் போகிற வழியெங்கும் தற்காலிகக் கடைகள் முளைக்கும். பழக்கடை, சிப்ஸ் கடை, துண்டும் டவுசரும் விற்கிற கடை. நான்கு கம்பு, ஒரு நீலத் தார்ப்பாய், அதை இழுத்துப் பிடிக்க நாலா பக்கமும் நைலான் கயிறு. கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வந்து நிற்கும். வேனின் கேரியரில் தார்ப்பாயின் ஒரு முனை, எதிர் மரத்தில் மறு முனை; அதன் நிழலில் அடுப்பு, சமையல், குருசாமியின் குட்டித்தூக்கம். தரை சிமென்ட்டாகவோ பாறையாகவோ இருந்தால் முளை இறங்காது. அப்போது கயிறு பக்கத்துக் கைப்பிடிக் கம்பிக்குப் போகும், விளக்குக் கம்பத்துக்குப் போகும், சில நேரம் யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்குக்கும் போகும். பைக்காரர் குளித்துவிட்டு வருகிற வரைக்கும் அது நல்ல ஏற்பாடுதான்.

கயிறு தடுக்கி விழுவதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பவர்கள் உண்டு. விழுகிறவர் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, சுற்றி யாராவது பார்த்தார்களா என்று நோட்டம் விட்டுப் போய்விடுவார். எழுபது வயதுக்காரர் விழுந்தால் கதை வேறு. இடுப்பு எலும்பு முறிந்து படுத்த முதியவர்களில் பலர் பழைய நடையோடு எழுந்து வருவதில்லை என்பதை எந்த எலும்பு மருத்துவரும் சொல்வார். ஆனால் இவையெல்லாம் ‘அருவிக்குப் போன இடத்தில் விழுந்துட்டாங்க’ என்கிற ஒற்றை வரியில் முடிந்துவிடும். எதில் தடுக்கி விழுந்தார் என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஏறாத காரணத்தால், அப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்றாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத கயிறு என்ன செய்யும் என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் 2024இல் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்க்கலாம். ஏப்ரல் 14ஆம் தேதி இரவு, பிரதமர் வருகைக்கான பாதுகாப்பு ஏற்பாடாகக் கொச்சி வளஞ்ஞம்பலத்தில் சாலைக்குக் குறுக்கே போலீசார் கயிறு கட்டியிருந்தார்கள். பைக்கில் வந்த 28 வயது இளைஞர் அதில் மோதி விழுந்து இறந்தார். நிறுத்தச் சொல்லியும் அவர் நிற்கவில்லை என்றது போலீஸ் தரப்பு. கயிறு கட்டியிருப்பது தெரியும்படி ஒரு ரிப்பன்கூட அதில் இல்லை என்றது குடும்பம். அதே ஆண்டு நவம்பரில் திருவல்லா அருகே முத்தூரில், மரம் வெட்டுகிற வேலைக்காகச் சாலைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய கயிறு கழுத்தில் சிக்கி, குடும்பத்தோடு பைக்கில் வந்தவர் உயிரிழந்தார்.

இரண்டும் கூடாரக் கயிறு இல்லைதான். நடந்து போகிறவரின் வேகமும் பைக்கின் வேகமும் ஒன்றில்லை. ஆனால் குற்றாலத்து வாகன நிறுத்தத்தில் வேனிலிருந்து மரத்துக்குப் போகிற கயிறு எந்த உயரத்தில் போகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு, அதே இடத்தில் இருட்டில் பைக்குகள் எப்படி நுழைந்து வெளியே வருகின்றன என்பதையும் பார்த்தால், இந்த இரண்டு மரணங்களும் தூரத்துச் செய்தியாகத் தெரியாது.

சிக்கலின் வேர் இடத்தை அளக்கிற விதத்தில் இருக்கிறது. தற்காலிகக் கடையானாலும் திருவிழாக் கூடாரமானாலும் இடம் ஒதுக்கும்போது பத்துக்குப் பத்து, பத்துக்குப் பதினைந்து என்று துணியைத்தான் அளக்கிறார்கள். கயிற்றை யாரும் அளப்பதில்லை. ஒரு சின்னக் கணக்கு: ஆறடி உயரக் கம்பிலிருந்து 45 பாகையில் கயிறு இறங்கினால் அதன் முளை கம்பிலிருந்து ஆறடி தள்ளி விழும். பத்தடிக் கூடாரத்துக்கு இரண்டு பக்கமும் ஆறடி சேர்த்தால் 22 அடி. நான்கு பக்கமும் இப்படியே போனால் 100 சதுர அடிக்குப் போட்ட கூடாரம் உண்மையில் பிடிப்பது 484 சதுர அடி. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. மீதி 384 சதுர அடி யாருடையது? காகிதத்தில் அது நடைபாதை. தரையில் அது கயிறு. எதிரெதிரே இரண்டு வரிசைக் கூடாரங்கள் நின்று, நடுவில் எட்டடிப் பாதை விட்டால், இரண்டு பக்கத்துக் கயிறுகளும் நடுப்பாதையில் ஒன்றையொன்று தாண்டிப் போகும்.

கடைக்காரரையோ பக்தரையோ இதற்குத் திட்டிப் பயனில்லை. காற்று அடிக்கிற ஊரில் கயிறு கட்டாமல் கூடாரம் போட்டால் அது தலையில் விழும். முளையைக் கம்பின் காலடியிலேயே அடித்தால் பிடிமானம் இருக்காது. அவருக்குக் கொடுத்த இடத்தில் அவருடைய கயிற்றுக்கு இடமில்லை என்பதுதான் உண்மை. ஆகவே ‘கயிற்றைப் பார்த்துக் கட்டுங்கள்’ என்று மைக்கில் அறிவிப்பதைவிட, அளவு நாடாவை முளை வரைக்கும் நீட்டுவது பலன் தரும். இடம் ஒதுக்கும் அதிகாரி துணியின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்குப் பதில் முளை விழும் இடத்தில் கோடு போடட்டும். பாதையை முதலில் வரைந்துவிட்டு, மிச்சத்தைக் கூடாரத்துக்குக் கொடுக்கட்டும். இப்போது நடப்பது தலைகீழ்: கூடாரம் போக எஞ்சியது பாதை.

இதைச் செய்து பார்க்க இந்தப் பகுதியிலேயே பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்கி, பொங்கலிட்டுக் கும்பிட்டுவிட்டு வருவது தலைமுறைகளாக நடக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனோடு சேர்ந்த கோயில் அது. 2020 மே மாதம் மறைந்த ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் அமர்ந்து தரிசனம் தருவதைப் பார்ப்பதற்கென்றே போனவர்கள் உண்டு. இலத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் ‘அய்யனார் கோயிலுக்குப் போயிருக்காங்க’ என்றால் ஒரு நாளில் திரும்புகிற பயணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோயில் இருப்பதோ களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். 1988இல் அமைந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதனால் தங்குகிற நாட்களுக்குக் கட்டுப்பாடு, தனியார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு, சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பறிமுதல் எல்லாம் உண்டு. திருவிழாவுக்கு முன்பு அதிகாரிகள் உட்கார்ந்து பேசுவார்கள்: பஸ் எத்தனை, கழிப்பறை எத்தனை, குடிநீர்த் தொட்டி எங்கே, தீயணைப்பு வண்டி எங்கே. ஆற்றங்கரை மணலிலும் மரத்தடியிலும் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கப்போகும் குடில்களின் கயிறு மட்டும் அந்தப் பேச்சில் வருவதற்கு வாய்ப்பில்லை. அங்கே ராத்திரி இருட்டு என்றால் அமாவாசை இருட்டு, அதுவும் காட்டுக்குள். பச்சைக் கயிறு, பச்சைப் புல், தூக்கக் கலக்கத்தில் ஒதுங்க எழுந்து போகிற பாட்டி. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கயிற்றைத் தெரிய வைப்பது எப்படி? இங்கே பழக்கமாகச் செய்வது சிவப்புத் துணி கட்டுவது. லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குக் கட்டுகிறார்களே, அதே துணி. பகலில் அது சரி. இருட்டு கூடக்கூட மனிதக் கண் சிவப்பைத்தான் முதலில் இழக்கும். வெளிச்சம் மங்கும்போது கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் ஒதுங்கி, கறுப்பு வெள்ளை மட்டும் பார்க்கும் செல்கள் வேலைக்கு வருகின்றன. அவற்றுக்குச் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்புதான். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்ன விஷயம் இது. ஆகவே இரவில் தங்குகிற இடத்தில் சிவப்புத் துணி கட்டுவது, கட்டாததற்குச் சமம்.

வெள்ளைதான் வேண்டும், அதுவும் அகலமாக. விரல் தடிமன்கூட இல்லாத கயிற்றுக்கு வெள்ளை வண்ணம் பூசினாலும் இருட்டில் அது ஒரு நூல். நான்கு விரல் அகலத்தில் பழைய வேட்டியைக் கிழித்து, ஒரு சாண் தொங்கும்படி முடிச்சுப் போட்டால் நட்சத்திர வெளிச்சத்திலும் ஏதோ ஆடுவது தெரியும். காற்றில் ஆடுவது கூடுதல் நன்மை; ஓரக்கண் அசைவைச் சட்டென்று பிடிக்கும். எங்கே கட்டுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கை எட்டுகிற உயரத்தில், கம்புக்குப் பக்கத்தில் கட்டுவார்கள். கால் தடுக்குவது அங்கே இல்லை. முளைக்கு மேலே கணுக்காலிலிருந்து முட்டி வரைக்குமான அந்தக் கடைசி இரண்டடியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஒரு துண்டு மட்டும் கட்ட முடியும் என்றால் அங்கே கட்ட வேண்டும். மரத்துக்கு மரம் குறுக்கே போகும் கயிறானால் கழுத்து உயரத்தில், நடுவில்.

ஒளி பட்டால் மின்னும் ஸ்டிக்கர் இன்னும் நல்லது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அது தன்மேல் விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். கையில் டார்ச்சோ செல்போன் விளக்கோ பிடித்து வருகிறவருக்கும், பைக் ஹெட்லைட்டுக்கும் அது பளீரென்று தெரியும். விளக்கில்லாமல் வருகிறவருக்கு அது வெறும் சாம்பல் நிறத் துண்டு. எனவே வேட்டித் துண்டும் ஸ்டிக்கரும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. வாகனம் வருகிற இடத்தில் இரண்டும் வேண்டும். மலையேறும் கூட்டத்தார் வெளிநாட்டுக் கம்பெனிக் கூடாரங்களோடு வாங்குகிற கயிற்றில் இந்த மின்னும் இழையை நெய்தே விற்கிறார்கள். ஊர்க் கடையில் கிடைக்கும் நீல, பச்சை நைலான் கயிற்றில் அது இருக்காது. இரண்டு நிறமும் புல்லோடும் தார்ப்பாயோடும் கலந்து மறைவதற்கென்றே செய்ததுபோல இருக்கும்.

பெரிய விளக்குப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. உயரமான கம்பத்திலிருந்து நேராகக் கண்ணில் அடிக்கும் ஃபோகஸ் விளக்கு கயிற்றை மறைக்கத்தான் உதவும். விளக்கைப் பார்த்த கண் நிழலுக்குள் நுழைந்ததும் சில நொடிகள் எதையும் பார்க்காது. அந்தச் சில நொடிகளில் நாலடி நடந்துவிடலாம். தாழ்வாக, தரையைப் பார்த்து, பாதையோரமாகப் போடும் சின்ன விளக்குகள் போதும்.

இதற்கெல்லாம் முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் பையிலும் முதுகிலும் போலீசார் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டி விடுகிறார்கள், ஒளிரும் குச்சி கொடுக்கிறார்கள். வாகன ஓட்டியின் கண்ணுக்கு மனிதரைத் தெரிய வைக்கிற அந்த யோசனையை, மனிதரின் கண்ணுக்குக் கயிற்றைத் தெரிய வைக்கவும் நீட்டலாம். கம்பியில் மோதிச் சாகும் கானமயிலுக்காக ராஜஸ்தானிலும் குஜராத்திலும் உயர் அழுத்த மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டு போகவும், முடியாத இடங்களில் பறவைகளுக்குத் தெரியும்படி அடையாள வில்லைகள் தொங்கவிடவும் உச்ச நீதிமன்றமே 2021 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அந்த உத்தரவு பிறகு 2024இல் தளர்த்தப்பட்டது என்றாலும், கம்பியைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது கம்பி கட்டியவரின் பொறுப்பு என்கிற எண்ணம் மாறவில்லை. பறவைக்குக் கிடைத்த நியாயம் பாட்டிக்கும் கிடைக்கலாம்.

முளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கயிற்றைவிட மோசமாகக் காயப்படுத்துவது அதுதான். பந்தல்காரர்கள் இப்போது மரமுளையைவிட இரும்பைத்தான் நம்புகிறார்கள். கட்டிட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை இரண்டடிக்கு வெட்டி அடித்துவிட்டால் வேலை முடிந்தது. தரைக்கு மேலே அரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டிய முனை பிசிறோடு இருக்கும். கார்த்திகை, மார்கழியில் இங்கே வருகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்: மாலை போட்டவர்கள், பெரும்பாலும் வெறுங்கால், கறுப்பு வேட்டி. விடிவதற்கு முன்னே குளிக்கப் போகிற அவர்களுக்கு முளையும் தெரியாது, எதிரே வருகிறவருக்கு அவர்களும் தெரியாது. இதற்குத் தென்காசிப் பக்கம் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு: தேங்காய்ச் சிரட்டை. கண்ணுள்ள பாதிச் சிரட்டையை எடுத்து, கண்ணில் ஓட்டை போட்டு, கவிழ்த்துக் கம்பியில் செருகி, வெளியே சுண்ணாம்பு அடித்துவிட்டால் குத்தவும் குத்தாது, இருட்டில் வெள்ளையாகவும் தெரியும். புலிகள் காப்பகத்துக்குள்ளும் யாரும் பறிமுதல் செய்ய மாட்டார்கள். பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்ப்பதும் இதே வேலையைச் செய்யும், ஆனால் காரையாற்றில் அதற்கு இடமில்லை. கயிற்றின் கடைசி இரண்டடிக்கு மூங்கிலைப் பிளந்து உறை போடலாம், அதற்கும் சுண்ணாம்பு.

கயிறே வேண்டாம் என்று வைக்கக்கூடிய இடங்களும் இருக்கின்றன. நெருக்கமான கடை வரிசையில் கயிற்றைச் சாய்த்து இழுப்பதற்குப் பதிலாகக் கம்பின் காலடியில் பாரம் வைத்து நேராகக் கீழே கட்டலாம். 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் 200 கிலோ. குற்றாலத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இல்லாவிட்டால் மணல் மூட்டை. காற்று பலமாக அடிக்கும் மேற்கு ஓரத்தில் இது மட்டும் போதாது, அங்கே சாய்வுக் கயிறு இருக்கட்டும், ஆனால் அந்தப் பக்கம் பாதை இருக்கக் கூடாது. கயிற்றின் ரகமும் கவனிக்க வேண்டியது. தேங்காய்நார்க் கயிறும் பருத்திக் கயிறும் சாரலில் நனைந்தால் இறுகி முளையைப் பிடுங்கப் பார்க்கும். நைலான் நேர்மாறாக நனைந்து நீளும், தொய்ந்து தாழ்வாகத் தொங்கும். சாயங்காலம் முட்டி உயரத்தில் விறைப்பாக இருந்த கயிறு விடியற்காலையில் கணுக்கால் உயரத்தில் சுருக்குப்போல் கிடப்பது அதனால்தான். நாளுக்கு இரண்டு தடவை இழுத்துக் கட்டுவது குற்றாலத்துச் சாரலில் கட்டாய வேலை.

கயிற்றுக்குப் பதில் கட்டுக்கம்பியோ ஜிஐ கம்பியோ கட்டுகிற வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். கூடாரத்துக்குள் பல்பு எரிகிற ஒயர் பெரும்பாலும் அதே கம்பில்தான் சுற்றியிருக்கும். தோல் உரிந்த இடத்தில் கம்பி பட்டால் பாதை வரைக்கும் மின்சாரம் வந்து நிற்கும். 2019 ஜூன் 23ஆம் தேதி ராஜஸ்தானில் பார்மேர் மாவட்டம் ஜசோலில் ராமகதை நடந்த பந்தலைப் புயல் காற்று சாய்த்தபோது குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பந்தலின் அடியில் சிக்கியவர்களில் சிலரைக் கொன்றது மின்சாரம். மின்வாரியம் தன் கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டும்போது அதைப் பூமியோடு இணைக்க வேண்டும், அல்லது தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இன்சுலேட்டர் வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இழுவைக் கம்பி ஆபத்தானது என்று தெரிந்துதான் அந்த விதி வந்தது. கூடாரத்தின் இழுவைக் கம்பிக்கு அப்படி எதுவும் இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய கவலை கூட்டம் ஓட வேண்டி வரும் நேரம். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் நாலா பக்கமும் சிதறி ஓடிய காட்சியைச் செல்போனில் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியில் இருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் குற்றாலநாதர் கோயில் அருகே தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்து, வரிசையாக எரிந்து, காஸ் சிலிண்டர்கள் வெடித்தன. இரண்டு சம்பவத்திலும் கயிற்றுக்குப் பங்கு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு நிமிடத்தில் ஓடுகிறவர் தரையைப் பார்த்து ஓட மாட்டார். முதல் ஆள் கயிற்றில் விழுந்தால் அவர் மேல் இரண்டாவது ஆள் விழுவார். கூட்ட நெரிசல் மரணங்கள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. தீயணைப்பு வண்டியின் குழாயை இழுத்துக்கொண்டு ஓடுகிற வீரருக்கும் அதே கயிறுதான் குறுக்கே நிற்கும்.

ஹஜ் யாத்திரையில் மினாவின் கூடார நகரம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1997 ஏப்ரல் 15ஆம் தேதி அங்கே துணிக் கூடாரங்களில் பரவிய தீயில் 343 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சவூதி அரசு அந்தக் கூடாரங்களையே எடுத்துவிட்டு, எளிதில் தீப்பிடிக்காத கண்ணாடி இழைத் துணியில், நிலையான சட்டங்களின் மேல், தெருவும் எண்ணும் போட்டு லட்சக்கணக்கானோர் தங்கும் நகரத்தை அமைத்தது. அந்த அளவுக்குச் செலவு செய்ய காரையாற்றிலும் குற்றாலத்திலும் யாரும் கேட்கப்போவதில்லை. காட்டுக்குள் நிரந்தரமாக எதுவும் கட்டவும் கூடாது. ஆனால் தெருவை முதலில் போட்டுவிட்டுக் கூடாரத்தை அப்புறம் போடுவதற்கு ஒரு மூட்டை சுண்ணாம்பும் அளவு நாடாவும் போதும்.

யார் செய்வது என்பதில்தான் வழக்கம்போல் இழுபறி வரும். குற்றாலத்தில் ஓரிடம் கோயிலுடையது, ஓரிடம் பேரூராட்சியுடையது, இன்னோரிடம் வேறு துறையுடையது. காரையாற்றில் வனத்துறை, கோயில் நிர்வாகம், வருவாய்த் துறை, போலீஸ் எல்லோரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான எதற்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பது நாடறிந்த சங்கதி. அதனால் இதை ஒரு துறையின் தலையில் கட்டுவதைவிட, இடம் கொடுக்கிற காகிதத்தில் கட்டிவிடுவது நல்லது. கடை ஏலத்துக்கோ குடில் அனுமதிக்கோ கையெழுத்துப் போடும் நபர் யாராக இருந்தாலும், அந்தத் தாளில் மூன்று நிபந்தனைகள் இருக்கட்டும். அளவு முளை வரைக்கும். பாதைப் பக்கக் கயிற்றுக்கு முட்டிக்குக் கீழே வெள்ளைத் துணி. முளைத் தலைக்கு மூடி. ஏலத்தில் எடுத்தவர் கட்டுகிற காப்புத் தொகை ஏற்கெனவே இருக்கிறது. மீறினால் அதில் பிடித்தம் செய்யலாம். ஏழைப் பக்தரிடம் அபராதம் போடத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை வாங்கி வைக்கும்போது அதற்குப் பதிலாக ஒரு கட்டு வெள்ளைத் துணியைக் கையில் கொடுத்து அனுப்பினால் அவரே கட்டிக்கொள்வார். இலத்தூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் தையல்காரர்களிடம் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

கொடைப் பந்தல் போடுகிறவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தைவிட அவர்கள் கைப்பழக்கம் வேகமாகப் பரவும். ஒரு ஊரில் பந்தல் முளைக்குச் சிரட்டை மாட்டினால், அடுத்த கொடைக்கு வந்தவர்கள் ‘எங்க ஊர்லயும் அது மாதிரி போடுங்க’ என்று கேட்பார்கள். சீரியல் பல்பு அப்படித்தான் பரவியது. இந்த வருஷம் சீசனுக்கு முன்பு நடக்கிற ஆலோசனைக் கூட்டத்தில் அதிகாரிகளோடு சேர்த்து அனுபவமுள்ள பந்தல்காரர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தால், எந்தப் பக்கம் கயிறு இழுக்கலாம், எங்கே டிரம் வைக்கலாம், எந்த மரத்தில் கட்டக் கூடாது என்று அரை மணி நேரத்தில் வரைபடமே போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.